சோலார் போட்டும் பில் இறங்கவில்லையா? டர்பன் ஆலைகளுக்கு, அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தெற்கே ஜேக்கப்ஸ், மொபெனி, ப்ராஸ்பெக்டன். வடக்கே ஃபீனிக்ஸ், டோங்காட். இந்தப் பக்கத்துத் தொழிற்பேட்டைகளில் எந்த ஆலைக்குள் நுழைந்தாலும் பராமரிப்பிலோ கணக்கிலோ நம் ஆள் ஒருவராவது இருப்பார். சிலர் இங்கேயே சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர்கள், சிலர் கோயம்புத்தூரிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வேலைக்கு வந்தவர்கள். அவர்களிடமிருந்து எனக்கு வரும் அழைப்பு அநேகமாக ஒரே மாதிரிதான் தொடங்கும்: "அண்ணே, சோலார் போட்டு எட்டு மாசம் ஆச்சு. பில் மட்டும் இறங்கவே இல்லை."

காரணம் ஆலைக்கு ஆலை வேறு. ஆனால் எங்கே தேட வேண்டும் என்பதை அறிகுறியே காட்டிக்கொடுக்கும். அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் ஆலையில் தெரிவது எதுவோ அங்கே நேராகப் போகலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அரைமணிப் பதிவு கையில் இல்லாமல் எதிலும் இறங்காதீர்கள். பெரிய வாடிக்கையாளரின் மீட்டர் ஒவ்வொரு அரைமணி நேரத்துக்கும் எவ்வளவு மின்சாரம் போனது என்று எழுதி வைக்கிறது. நகராட்சியிடம் கேட்டால் கிடைக்கும், இல்லையென்றால் பிரதான மீட்டருக்குப் பக்கத்தில் சொந்தமாக ஒரு சோதனை மீட்டர் போட்டுக்கொள்ளலாம். ஒரு வருடப் பதிவு, அதே வருடத்து 12 பில்கள், மாதாமாதம் எத்தனை டன் உற்பத்தி என்ற கணக்கு, கம்பியைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் ஒரு நல்ல கிளாம்ப் மீட்டர். இவை இருந்தால் கீழே உள்ளதில் பெரும்பகுதியை வெளியாள் இல்லாமலே கண்டுபிடித்துவிடலாம்.

அறிகுறி: பயன்பாடு அதேதான், பில் மட்டும் ஏறிவிட்டது

மாதத்தைப் பாருங்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்றால் குளிர்காலக் கட்டணம். தேசிய மின்நிறுவனமான எஸ்கமின் நேரவாரிக் கட்டணத்தில் மிக விலை கூடிய யூனிட் குளிர்காலத்து உச்ச நேரத்தில் வருவது, மிக மலிவானது கோடைகாலத்து இரவில் வருவது. இந்த இரண்டுக்கும் நடுவே முன்பு சுமார் 8 மடங்கு இடைவெளி இருந்தது. 2025 கட்டண மாற்றத்தில் அதைச் சுமார் 6 மடங்காகக் குறைத்தார்கள். 6 மடங்கும் சின்ன வித்தியாசம் இல்லை.

நகராட்சி வழியாக மின்சாரம் வாங்குபவருக்கு இன்னொரு அடி உண்டு. எஸ்கமிடம் நேரடியாக வாங்குபவருக்கு விலை உயர்வு ஏப்ரல் 1 அன்று வரும். நகராட்சிக்கு அது ஜூலை 1. அதாவது குளிர்காலக் கட்டணம் நடந்துகொண்டிருக்கும்போதே விலை உயர்வும் வந்து உட்காருகிறது. ஜூலை பில்லை ஜூன் பில்லோடு ஒப்பிட்டுப் பதறுவதில் பயனில்லை. போன வருட ஜூலையோடு ஒப்பிடுங்கள்.

அதே 2025 மாற்றத்தில் இன்னொன்றும் நடந்தது. காலை உச்ச நேரம் 3 மணியிலிருந்து 2 மணி நேரமாகக் குறைந்தது, மாலை உச்ச நேரம் 2 மணியிலிருந்து 3 மணி நேரமாக நீண்டது. பழைய நேரத்தை மனதில் வைத்து டைமர் போட்ட ஆலைகள் இன்னும் இருக்கின்றன. குளிரூட்டி, சூளை, பேட்டரி சார்ஜர், தண்ணீர் பம்ப் இவற்றின் டைமர்களை ஒருமுறை திறந்து, இன்றைய கட்டணப் புத்தகத்தோடு வைத்துப் பாருங்கள். ஒரு பைசா செலவில்லாத வேலை இது.

நேரமும் மாதமும் சரியாக இருந்தும் பில் சரியாக ஒன்றரை மடங்கு, அல்லது சரியாக இரண்டு மடங்கு வந்திருக்கிறதா? அப்படியானால் சந்தேகம், மீட்டருக்காக மின்னோட்டத்தைக் குறைத்துக் கொடுக்கும் சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) மேல் போக வேண்டும். 400/5 சி.டி. என்றால் மீட்டர் வாசிப்பை 80-ஆல் பெருக்க வேண்டும், 600/5 என்றால் 120-ஆல். சி.டி.யை மாற்றிவிட்டுப் பெருக்கெண்ணை மாற்ற மறந்தாலும், பெருக்கெண்ணை மட்டும் மாற்றினாலும் பில் கோணலாகிவிடும். ஆலை சீராக ஓடும் ஒரு மணி நேரம் கிளாம்ப் மீட்டர் பிடித்து, மீட்டர் காட்டுவதோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். பில்லில் 'மதிப்பீட்டு வாசிப்பு' என்று எழுதியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: ஒரே ஒரு நாளில் கேவிஏ எகிறியது, மாதம் முழுக்க அதற்குப் பணம்

கேவிஏ என்பது ஆலை ஒரே சமயத்தில் இழுக்கும் மொத்தச் சுமையின் அளவு. அதற்கான கட்டணம் மாதத்தின் மிக உயர்ந்த ஓர் அரைமணியை வைத்துப் போடப்படுகிறது. அந்த அரைமணி எது என்று பதிவில் தேடுங்கள். நான் பார்த்தவரை இரண்டு நேரங்களில் ஒன்றாகத்தான் இருக்கும்: திங்கட்கிழமை காலை, அல்லது மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்பிய நேரம்.

இரண்டிலும் நடப்பது ஒன்றே. ஹீட்டர் எல்லாம் ஆறிக் கிடக்கிறது, காற்றுத் தொட்டி காலி, குளிர்நீர் சூடாகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் போட்டுவிடுகிறார்கள். தீர்வு எளிது, எந்த இயந்திரம் எந்த வரிசையில் எத்தனை நிமிட இடைவெளியில் என்று ஒரு தாள் எழுதி ஸ்விட்ச்போர்டு அறைக் கதவில் ஒட்டுவது. ஹீட்டர்கள் முதல் அரைமணியில், காற்றுக் கம்ப்ரசர்களும் குளிர்நீர் இயந்திரமும் அடுத்த அரைமணியில் என்று பிரித்தாலே போதும். ஷிஃப்ட் பொறுப்பாளரையும் உட்கார வைத்து அந்தத் தாளை எழுதுங்கள். மேலிருந்து வந்த தாள் இரண்டு வாரத்துக்கு மேல் நிலைப்பதில்லை.

அறிகுறி: ஆலை மூடியிருக்கிறது, மீட்டர் ஓடுகிறது

என் அனுபவத்தில் பணம் அதிகம் கிடப்பது இங்கேதான். ஆனால் ஆட்கள் கடைசியாகப் பார்ப்பதும் இதைத்தான்.

இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை பெரும்பாலான ஆலைகள் மூடிவிடும். அந்த வாரங்களின் அரைமணிப் பதிவைத் தனியாக எடுங்கள். உற்பத்தி சுழி. அப்படியானால் ஓடும் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் ஒரு பெயர் சொல்ல முடிய வேண்டும்: பாதுகாப்பு விளக்கு, கம்ப்யூட்டர் சர்வர், குளிர்பதன அறை, டிரான்ஸ்ஃபார்மரின் சொந்த இழப்பு. பெயர் சொல்ல முடியாத மிச்சம்தான் உங்கள் கசிவு. அடுத்து அதையே ஒரு சாதாரண ஞாயிறு அதிகாலை 3 மணியோடு ஒப்பிடுங்கள். டிசம்பரில் 40 கிலோவாட், ஞாயிற்றுக்கிழமையில் 110 என்றால், நடுவில் உள்ள 70 கிலோவாட்டை ஒவ்வொரு வார இறுதியிலும் யாரோ அணைக்காமல் போகிறார்கள் என்று அர்த்தம்.

அதைத் தேடுவதற்கு ஞாயிறு அதிகாலையில் ஒருமுறை ஆலைக்குள் நடந்து பாருங்கள். சத்தமில்லாத ஆலையில் காது நன்றாக வேலை செய்யும். மொபெனியில் ஒரு பிளாஸ்டிக் வார்ப்பு ஆலையில் இப்படி நடந்தபோது என்னோடு வந்தவர் இரவுக் காவலுக்கு இருந்த ஒரு ஸூலு முதியவர். "பாபா, எங்கே சத்தம் கேட்கும்?" என்று கேட்டேன். யோசிக்காமல் மூன்று இடங்களைக் காட்டினார். மூன்றும் காற்றுக் கசிவு. பல வருடமாக அந்தச் சீறலைக் கேட்டுக்கொண்டே காவல் இருந்திருக்கிறார், அதைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டதில்லை. இரவில் ஆலையில் இருப்பவர்களிடம் கட்டாயம் பேசுங்கள்.

காற்றுக் கசிவை அளக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. காற்றைப் பயன்படுத்தும் எல்லா இயந்திரத்தையும் நிறுத்திவிட்டுக் கம்ப்ரசரை மட்டும் ஓடவிடுங்கள். எத்தனை நிமிடம் காற்றை அழுத்துகிறது, எத்தனை நிமிடம் வெறுமனே சுற்றுகிறது என்று கடிகாரம் வைத்துக் குறியுங்கள். 3 நிமிடம் அழுத்தி 7 நிமிடம் வெறுமனே சுற்றினால் கசிவு 30 சதவீதம். கவனிக்காமல் விட்ட ஆலைகளில் 20 முதல் 30 சதவீதம் சகஜம். நல்ல பராமரிப்பு உள்ள இடத்தில் 10-க்குள் கொண்டுவரலாம். 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று சுமார் 3 முதல் 4 கிலோவாட்டைத் தின்னும், இரவும் பகலும். வெறுமனே சுற்றும் ஸ்க்ரூ கம்ப்ரசரும் சும்மா சுற்றுவதில்லை, முழுச் சுமையில் எடுக்கும் மின்சாரத்தில் கால் பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டுதான் சுற்றும். வார இறுதியில் அதை அணைத்து, பிரதான காற்றுக் குழாயில் ஒரு வால்வைப் போட்டு மூடுங்கள்.

கசிவை அடைத்த பிறகுதான் அழுத்தத்தைத் தொட வேண்டும். ஒரு பார் குறைத்தால் கம்ப்ரசர் மின்சாரம் சுமார் 7 சதவீதம் குறையும். ஒரு தடவைக்குக் கால் பார், ஒரு வாரம் பார்ப்பது, அப்புறம் அடுத்த கால் பார். ஏதோ ஓர் இயந்திரம் புலம்ப ஆரம்பிக்கும். அந்த ஒன்றுக்கு மட்டும் பக்கத்தில் சிறு தொட்டி வைத்துப் பாருங்கள். ஒரு சிலிண்டருக்காக ஆலை முழுவதையும் 8 பாரில் ஓட்டுவது நியாயமில்லை.

அறிகுறி: எதுவும் மாறவில்லை, ஆனால் டன்னுக்கு யூனிட் கூடுகிறது

இதைக் கண்டதும் மேலாளர்கள் ஆபரேட்டர்களைத் திட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் அநியாயம். 12 மாத யூனிட்டையும் 12 மாத டன்னையும் ஒரு வரைபடத்தில் புள்ளிகளாகப் போட்டு நடுவே ஒரு கோடு இழுங்கள். கோடு செங்குத்து அச்சைத் தொடும் இடம், உற்பத்தியே இல்லாவிட்டாலும் ஆலை தின்னும் மின்சாரம்.

கணக்குக்கு ஓர் உதாரணம். அடிப்படைச் செலவு மாதம் 90,000 யூனிட், அதற்கு மேல் டன்னுக்கு 450 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 400 டன் ஓடிய மாதத்தில் மொத்தம் 2,70,000 யூனிட், அதாவது டன்னுக்கு 675. ஆர்டர் குறைந்து 250 டன் மட்டும் ஓடினால் மொத்தம் 2,02,500, டன்னுக்கு 810. யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. டன் குறைந்ததால் அடிப்படைச் செலவு குறைந்த டன்களின் தலையில் விழுந்தது, அவ்வளவுதான். புள்ளி கோட்டுக்கு மேலே விலகிப்போன மாதங்களை மட்டும் விசாரியுங்கள். மற்றபடி, கோட்டின் அடியை இறக்க வேண்டுமானால் முந்தைய அறிகுறிக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: சோலார் வந்தது, யூனிட் குறைந்தது, பவர் ஃபேக்டர் விழுந்துவிட்டது

என்னைக் கூப்பிடுகிறவர்களை அதிகம் குழப்புவது இதுதான். சோலார் போட்டவர் ஏதோ தவறு செய்துவிட்டார் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் வயரிங் எல்லாம் சரியாகவே இருக்கும். வடிவமைப்பில் ஒரு கேள்வி கேட்கப்படவில்லை.

ஒரு கணக்கைப் போட்டால் புரிந்துவிடும். ஆலைச் சுமை 400 கிலோவாட், பவர் ஃபேக்டர் (எடுக்கும் கேவிஏவில் உண்மையில் வேலை செய்யும் கிலோவாட்டின் பங்கு) 0.95. அப்போது மோட்டார்களின் காந்தப்புலத்துக்கு வேண்டிய, வேலையாக மாறாத ரியாக்டிவ் சுமார் 131 கேவிஏஆர், நகராட்சியிடமிருந்து எடுப்பது 421 கேவிஏ. நண்பகலில் சோலார் 300 கிலோவாட் கொடுக்கிறது. பேனலின் மின்சாரத்தை ஆலைக்கு ஏற்றதாக மாற்றித் தரும் இன்வெர்ட்டர் வழக்கமாக வெறும் கிலோவாட்டை மட்டுமே தரும்படி அமைக்கப்பட்டிருக்கும். ஆகவே நகராட்சியிடமிருந்து வாங்குவது 100 கிலோவாட். ஆனால் 131 கேவிஏஆர் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் மோட்டார் எதுவும் நிற்கவில்லை. இப்போது மீட்டரில் தெரிவது 165 கேவிஏ, பவர் ஃபேக்டர் 0.61.

அந்த 0.61-ஆல் பணம் போகிறதா என்பது உங்கள் கட்டணத்தைப் பொறுத்தது. கேவிஏ உச்சத்துக்கு மட்டும் பணம் கட்டுபவருக்கு நேரடி நட்டமில்லை, 165 என்பது 421-ஐவிடக் குறைவுதானே. எஸ்கமின் மெகாஃப்ளெக்ஸ் போன்ற கட்டணத்தில் குளிர்காலத்தில் யூனிட்டின் 30 சதவீதத்துக்கு மேல் போகும் ரியாக்டிவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. அங்கே பணம் போகும்.

தீர்வுக்கு முதல் படி, இன்வெர்ட்டரின் அமைப்பைப் பார்ப்பது. நகராட்சி அனுமதித்தால் அதையே ரியாக்டிவும் தரச் சொல்லலாம். அந்த 300 கிலோவாட்டை 0.95-இல் தந்தால் சுமார் 99 கேவிஏஆர் அங்கிருந்தே கிடைக்கும். மிச்சம் 32-தான், மீட்டரில் பவர் ஃபேக்டர் மறுபடி 0.95-க்கு வந்துவிடும். இதற்கு இன்வெர்ட்டரின் கேவிஏ திறனில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்க வேண்டும், அதனால் வாங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது.

இரண்டாவது, பவர் ஃபேக்டரைச் சரிசெய்ய வைத்த கெப்பாசிட்டர் பேங்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி எந்த சி.டி.யிலிருந்து மின்னோட்டத்தைப் படிக்கிறது என்று பாருங்கள். பழைய பெட்டிகளுக்கு மின்சாரம் ஒரே திசையில் மட்டும் போகும் என்ற எண்ணம். சோலார் மின்சாரம் வெளியே திரும்பும் கணத்தில் அவை குழம்பி, படிகளை மாற்றி மாற்றிப் போட்டு எடுக்கும். சட் சட் என்று காண்டாக்டர் சத்தம் கேட்டால் அதுதான். மின்சாரம் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் புரிந்துகொள்ளும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மாற வேண்டும்.

அப்புறம் இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கெப்பாசிட்டர்கள் வீங்குகின்றன, ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்றால் திறன் போதவில்லை என்று நினைத்து இன்னும் பெரியதாக வாங்காதீர்கள். மோட்டார் வேக மாற்றிகளும் இன்வெர்ட்டர்களும் உண்டாக்கும், மின்சாரத்தின் சீரான அலையைக் கெடுக்கும் ஹார்மோனிக் அலைகளை கெப்பாசிட்டர் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஒரு ரியாக்டர் (கம்பிச்சுருள்) சேர்ந்த பேங்க் வேண்டும். இங்கே 7 சதவீத ரியாக்டர் பரவலாகப் பயன்பாட்டில் இருக்கிறது. முதலில் ஒரு வாரம் ஹார்மோனிக் அளந்துவிட்டு வாங்குங்கள்.

அறிகுறி: யூனிட் குறைந்தும் பில்லில் ரேண்டு அந்த அளவுக்குக் குறையவில்லை

சோலார் எந்த நேரத்து யூனிட்டை மிச்சப்படுத்துகிறது என்று பாருங்கள். நடுப்பகல் நேரம் உச்ச நேரத்தில் சேராது. விலை கூடிய மாலை நேரத்தில், அதுவும் குளிர்காலத்தில், சூரியன் கிடையாது. அதோடு, மாதத்தில் ஒரு மதியம் மேகம் கூடினாலும் அன்றைய கேவிஏ பழைய உச்சத்துக்கே போய்விடும். ஆகவே சோலாரால் கேவிஏ கட்டணமும் குறையும் என்று போட்ட கணக்கை நம்ப வேண்டாம். மாலை உச்சத்தைக் குறைக்க வேறு வழிகள் வேண்டும்: வேலையை நகர்த்துவது, குளிர்நீரை முன்கூட்டியே சேமிப்பது, கணக்கு ஒத்துவந்தால் பேட்டரி.

விற்பனையாளரின் பழைய தாள்களையும் கவனியுங்கள். புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு 125 சதவீத வரிக்கழிவு 2023 மார்ச் 1 முதல் 2025 பிப்ரவரி 28 வரைதான் இருந்தது. இப்போது ஒரு மெகாவாட்டுக்கு உட்பட்ட சோலாருக்கு முதல் வருடமே 100 சதவீதம், அதைவிடப் பெரியதற்கு 50, 30, 20 என்று மூன்று வருடத்தில். 125-ஐ வைத்துப் போட்ட கணக்கில் போட்ட பணம் திரும்பக் கிடைக்கும் காலம் குறைவாகத் தெரியும்.

அறிகுறி: ஞாயிறு நண்பகலில் இன்வெர்ட்டர்கள் ஒவ்வொன்றாக நிற்கின்றன

மின்னழுத்தம். ஆலை ஓடவில்லை, மின்சாரம் வெளியே தள்ளப்படுகிறது, உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் அழுத்தம் ஏறுகிறது. தென்னாப்பிரிக்க இணைப்பு விதியான என்.ஆர்.எஸ். 097 படி 230 வோல்ட்டுக்கு மேல் 10 சதவீதம், அதாவது 253 வோல்ட்டைத் தாண்டி நின்றால் இன்வெர்ட்டர் விலகியாக வேண்டும். இன்வெர்ட்டரின் பிழைப் பதிவில் இது தெளிவாக எழுதியிருக்கும். மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் டேப்பை ஒரு படி இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் திங்கட்கிழமை முழுச் சுமையில் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்குகிறதா என்று அளந்துவிட்டே செய்யுங்கள். தொலைவில் உள்ள கட்டடத்தில் மட்டும் நின்றால், போட்ட கேபிள் மெல்லியது.

அறிகுறி: மின்வெட்டில் சோலாரும் சேர்ந்து போகிறது

2023-இல் 300-க்கும் மேற்பட்ட நாள்கள் லோட் ஷெடிங்கில் கழிந்த நாடு இது. 2024 மார்ச் கடைசியிலிருந்து நீண்ட இடைவெளி கிடைத்தது, பிறகு 2025-இல் இடையிடையே திரும்பி வந்தது. அந்தக் காலத்தில் அவசரமாக சோலார் போட்ட பலர், வெயில் கொளுத்தும்போது ஆலை இருட்டில் நிற்பதைக் கண்டு மனம் நொந்துபோனார்கள்.

அது பழுதல்ல. வெளி இணைப்பு போனால் இன்வெர்ட்டரும் நிற்க வேண்டும் என்பது விதி, கம்பத்தில் வேலை செய்பவரின் உயிருக்காக. நிற்காமல் ஓட வேண்டுமானால் பேட்டரியோடு சேர்ந்து தானே மின்வலைபோல் இயங்கும் இன்வெர்ட்டரோ, டீசல் ஜெனரேட்டரோ அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும், வெளி இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்சும் வேண்டும்.

ஜெனரேட்டரோடு சோலாரை ஓட்டும்போது வரும் கோளாறு வேறு. சோலார் அதிகம் தள்ளினால் ஜெனரேட்டரின் சுமை மிகவும் குறையும், சில சமயம் அதற்குள்ளேயே மின்சாரம் திரும்பிப் பாயும், பாதுகாப்பு ரிலே அதை நிறுத்திவிடும். நிறுத்தாவிட்டால் இன்னும் மோசம். 30 சதவீதத்துக்குக் கீழே நெடுநேரம் ஓடும் டீசல் இஞ்சினில் எரியாத எரிபொருள் படிந்து புகைபோக்கியில் கருப்பாக வழியும். இரண்டுக்கும் நடுவே சோலாரைக் கட்டுப்படுத்தும் கருவி இருக்கிறதா, அதில் ஜெனரேட்டரின் குறைந்தபட்சச் சுமை பதிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: சோலார் உற்பத்தி மாதாமாதம் தேய்கிறது

வடக்குக் கடற்கரைப் பக்கம் என்றால் முதலில் கூரை மேல் ஏறிக் கையால் தடவிப் பாருங்கள். கரும்பு அறுப்புக் காலத்தில் தோட்டத்துக்குத் தீ வைக்கும்போது பறந்துவரும் கரிச்சாம்பல் டோங்காட், வெருலம் பக்கத்தில் துணிக்கொடியில் விழுவதை எல்லாரும் பார்த்திருப்போம். 1860-இல் ட்ரூரோ கப்பலில் மதராசிலிருந்து வந்தவர்கள் வேலை செய்த அதே பயிர்தான். அந்தச் சாம்பல் பேனல் மேலும் விழுகிறது. அறுப்புக் காலத்தின் பெரும்பகுதி மழை குறைந்த குளிர்காலத்தில் வருவதால் தானாகக் கழுவப்படுவதும் இல்லை. வானம் தெளிவாக இருக்கும், யூனிட் விலையும் கூடியிருக்கும் மாதங்கள் அவை. அந்த மூன்று மாதத்தில் கழுவுவதற்குச் செலவழிப்பதே மற்ற மாதங்களைவிட லாபம். அதிகாலையில், பேனல் குளிர்ந்திருக்கும்போது, உப்பில்லாத தண்ணீரில். சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீர் ஊற்ற வேண்டாம்.

தேய்மானம் இல்லை, முதல் நாளிலிருந்தே குறைவு என்றால் திசையைப் பாருங்கள். நாம் தெற்கு அரைக்கோளத்தில் இருக்கிறோம். பேனல் வடக்கைப் பார்க்க வேண்டும், டர்பனில் சுமார் 30 பாகைச் சாய்வில். ஊரிலிருந்து வந்த வரைபடத்தில் தெற்கு என்று இருந்ததால் அப்படியே வைத்த கூரை ஒன்றை நேரில் பார்த்திருக்கிறேன். எதிர்பார்ப்பையும் சரிசெய்துகொள்ள வேண்டும். வடகேப் மாகாணத்துப் பாலைவன எண்களை டர்பனுக்குப் போடக் கூடாது. இங்கே கோடையில் மேகமும் மழையும்தான் அதிகம்.

கடலுக்கு அருகே இருந்தால் பேனலின் சட்டம், போல்ட், இணைப்புகள் உப்புக்காற்றில் அரிக்கும். துருவை வருடத்துக்கு இரண்டுமுறை பாருங்கள். இன்வெர்ட்டர்களைத் தரைமட்டத்தில் வைத்திருந்தால் மேலே ஏற்றுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ப்ராஸ்பெக்டன் எப்படி மூழ்கியது என்பதை அங்கே வேலை செய்தவர் எவரும் மறந்திருக்க மாட்டார்.

அறிகுறி: மின்சாரம் குறைந்தும் எரிசக்திச் செலவு குறையவில்லை

பாய்லரை யாரும் பார்க்கவில்லை. சாயப்பட்டறை, உணவு ஆலை, காகித ஆலை இவற்றில் மின்சாரத்தைவிட நீராவிதான் பெரிய செலவாக இருக்கலாம். புகைபோக்கி வெப்பம் 20 பாகை செல்சியஸ் கூடினால் சுமார் ஒரு சதவீதம் எரிபொருள் போகிறது. திரும்பிவரும் கொதிநீரை வடிகாலில் விட்டால் அதைவிட அதிகம். நீராவியைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் வெளியே விடும் ஸ்டீம் டிராப் ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, வெப்பமானி பிடித்து, திறந்தே மாட்டிக்கொண்டவற்றை மாற்றுங்கள். உங்கள் கொதிகலன்களின் மொத்தத் திறன் 10 மெகாவாட் வெப்பத்தைத் தொட்டால் கார்பன் வரியும் சேரும். 2019-இல் கரியமில வாயு டன்னுக்கு 120 ரேண்டில் தொடங்கியது, 2025-இல் 236 ரேண்டு.

அறிகுறி: 'பசுமை மின்சாரம் வாங்குகிறோம்' என்றோம், தணிக்கையாளர் ஏற்கவில்லை

இந்த நாட்டு மின்சாரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் நிலக்கரியிலிருந்து வருகிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ கரியமில வாயு. அதனால்தான் ஏற்றுமதி வாடிக்கையாளரும் கார் நிறுவனங்களும் துருவித் துருவிக் கேட்கிறார்கள். தொலைவில் உள்ள சோலார் அல்லது காற்றாலையிலிருந்து எஸ்கம் கம்பி வழியாக வாங்கும் வீலிங் நல்ல வழிதான். 2023 ஜனவரியிலிருந்து சொந்த உற்பத்திக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் 100 கிலோவாட்டுக்கு மேல் என்றால் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையமான நெர்சாவில் பதிவு வேண்டும்.

தணிக்கையில் சிக்குவது பொதுவாக சான்றிதழில். புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு ஒரு மெகாவாட்-மணிக்கு (1,000 யூனிட்டுக்கு) ஒரு சான்றிதழ், ஐ-ரெக் போன்றது. உற்பத்தியாளர் அதை வேறு ஒருவருக்கு விற்றுவிட்டால், உங்கள் கம்பியில் வந்த மின்சாரத்தை நீங்கள் பசுமை என்று சொல்ல முடியாது. உங்கள் கூரையில் விளைந்ததும் அப்படித்தான். சோலாரை நிறுவி வாடகைக்கு விடும் நிறுவனம் சான்றிதழைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும்படி ஒப்பந்தம் எழுதியிருந்தால், பேனல் உங்கள் தலைக்கு மேல் இருந்தும் உரிமை அவர்களுடையது. ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியைத் தேடுங்கள். இல்லாவிட்டால், எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள்.

அறிக்கையில் இரண்டு எண்களும் வர வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். ஒன்று நாட்டு மின்வலையின் சராசரியை வைத்தது, மற்றது நீங்கள் வாங்கிய ஒப்பந்தத்தையும் சான்றிதழையும் வைத்தது. இரண்டாவதை மட்டும் எழுதினால் தாள் திரும்பி வரும்.

வீலிங் பில்லையும் நேரவாரியாகப் பிரித்துக் கேளுங்கள். தொலைதூர சோலார் யூனிட் உங்கள் கணக்கில் எந்த நேரத்தில் விளைந்ததோ பொதுவாக அந்த நேரத்தில்தான் கழியும். நண்பகலில் உங்கள் கூரையே போதுமான மின்சாரம் தரும்போது அதே நேரத்தில் வீலிங் சோலாரையும் வாங்கியிருந்தால், பயன்படாத யூனிட்டுக்குப் பணம் கட்டுகிறீர்கள். கூரையில் சோலார் இருப்பவர் வீலிங்கில் காற்றாலைப் பங்கைக் கேட்டுப் பார்க்கலாம், காற்று மாலையிலும் இரவிலும் வீசும். ஒப்பந்தம் போடுவதற்கு முன் அவர்களிடம் போன வருடத்து அரைமணி உற்பத்திப் பதிவைக் கேட்டு வாங்கி, உங்கள் அரைமணிப் பதிவுக்குப் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பாருங்கள்.